கட்டற்ற சிமுலேஷன் மென்பொருள்: எது கைக்கு எளிது?

"அண்ணா, காசு கொடுத்து வாங்க வழியில்லை. ஸ்ட்ரெஸ் அனாலிசிஸ் பழக எளிதான கட்டற்ற மென்பொருள் ஒன்று சொல்லுங்கள்." பம்ப், மோட்டார், வார்ப்படம் என்று கோயம்புத்தூரின் தொழில்களைச் சுற்றியே என் வேலையும் இருப்பதால், இறுதியாண்டு மாணவர்களும் சிறு பட்டறைகளில் வரைபடம் போடுபவர்களும் இந்தக் கேள்வியோடு என்னிடம் வருகிறார்கள். ஒரு பெயரைச் சொல்லி அனுப்பிவிட எனக்கு மனம் வருவதில்லை. எளிது என்று அவர்கள் எதைக் கருதுகிறார்கள் என்பது தெரியும்: நிறுவியவுடன் திறக்க வேண்டும், பொத்தான்கள் கண்ணில் பட வேண்டும், முதல் மாலையிலேயே சிவப்பும் நீலமுமாக ஒரு படம் வந்துவிட வேண்டும். அப்படி ஒரு படம் இன்று ஏறக்குறைய எந்த மென்பொருளிலும் வந்துவிடும். அது சரியான படமா என்ற சந்தேகம் எழும்போது மென்பொருள் நமக்கு எவ்வளவு துணை நிற்கிறது என்பதைத்தான் நான் எளிமையின் அளவாகக் கொள்கிறேன்.

முதலில் ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். வணிக மென்பொருளின் திருட்டுப் பதிப்பைக் கணினியில் வைத்துக்கொண்டு வேலை பார்ப்பது நம் ஊர்ச் சிறு அலுவலகங்களில் சாதாரணமாகிவிட்டது. சட்டத்துக்குப் புறம்பானது என்பது ஒரு புறம் இருக்கட்டும். அப்படிச் செய்த ஆய்வை எந்த வாடிக்கையாளருக்கும் கையெழுத்திட்டுக் கொடுக்க முடியாது. கேள்வி வந்தால் எந்த மென்பொருளில் செய்தோம் என்று சொல்லக்கூட முடியாது. இலவசமாகக் கிடைக்கும் மாணவர் பதிப்புகளில் நோடுகளின், அதாவது பாகத்தைப் பிரிக்கும் சிறு கூறுகளை இணைக்கும் புள்ளிகளின், எண்ணிக்கைக்கு உச்சவரம்பு இருக்கும். வணிக வேலைக்கு அவற்றைப் பயன்படுத்தக் கூடாது. கட்டற்ற மென்பொருளில் இந்த இரண்டு தடைகளும் இல்லை. கல்லூரியில் பழகியதை அப்படியே பட்டறைக்கு எடுத்துச் செல்லலாம். சிறு தொழில் செய்பவருக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்பதை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன்.

கட்டற்ற உலகில் புதியவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. ஒரு பாகத்தை ஆய்வு செய்ய நான்கு வேலைகள் நடக்க வேண்டும்: வடிவத்தை வரைவது, அதைச் சிறு கூறுகளாக (எலிமென்ட்) பிரித்து மெஷ் போடுவது, சமன்பாடுகளைத் தீர்ப்பது, விடையைப் படமாகக் காட்டுவது. வணிக மென்பொருளில் இந்த நான்கும் ஒரே சன்னலுக்குள் இருக்கும். இங்கே ஒவ்வொன்றும் வேறு வேறு மனிதர்கள், வேறு வேறு நாடுகளில், வேறு வேறு காலத்தில் எழுதியவை. வடிவத்துக்கு ஃப்ரீகேட். மெஷ் போட பெல்ஜியத்தைச் சேர்ந்த கிறிஸ்டோஃப் கெஸைன், ஜான்-ஃபிரான்சுவா ரெமாக்ல் ஆகிய இருவர் தொடங்கிய ஜிமெஷ். தீர்ப்பதற்குப் பல சால்வர்கள். படம் காட்ட பாராவியூ. ஒவ்வோர் அறையையும் ஒவ்வோர் ஊர்க் கொத்தனார் கட்டிய வீடு போல, அறைகள் உறுதியாகவே இருக்கும். மழை ஒழுகுவது இணைப்புகளில்தான். ஆகவே எந்த மென்பொருள் எளிது என்ற கேள்வியின் பெரும்பகுதி, இந்த நான்கையும் யார் நன்றாக இணைத்திருக்கிறார்கள் என்ற கேள்விதான்.

வருகிறவர்களிடம் நான் சொல்லும் தேர்வு முறை இது. பத்து மில்லிமீட்டர் அகலம், பத்து மில்லிமீட்டர் உயரம், நூறு மில்லிமீட்டர் நீளம் கொண்ட ஒரு எஃகுச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையை அசையாமல் பொருத்துங்கள். மறுமுனையில் 100 நியூட்டன் விசையைக் கீழ்நோக்கிக் கொடுங்கள். பாலிடெக்னிக்கிலேயே படித்த சூத்திரத்தின்படி நுனி ஏறத்தாழ 0.19 மில்லிமீட்டர் இறங்க வேண்டும். பொருத்திய முனையில் வளைவால் வரும் தகைவு (ஸ்ட்ரெஸ்) 60 மெகாபாஸ்கல். கையால் ஐந்து நிமிடத்தில் போட்டுவிடக்கூடிய கணக்கு. இதை நீங்கள் பரிசீலிக்கும் ஒவ்வொரு மென்பொருளிலும் செய்து பாருங்கள். விடை வந்தவுடன் நிறுத்திவிடாதீர்கள். அதே சட்டத்தில் வேண்டுமென்றே மூன்று தவறுகளை ஒவ்வொன்றாகச் செய்யுங்கள். ஒரு முறை, முனையைப் பொருத்தாமலே விட்டுவிடுங்கள். அடுத்த முறை, சட்டத்தின் சொந்த எடையையும் சேர்த்து, அடர்த்தியைத் தவறான அலகில் கொடுங்கள். மூன்றாவதாக, மெஷ்ஷை நான்கு நோடு கொண்ட நான்முகிகளாக, பருமனாகப் போடுங்கள். ஒவ்வொரு தவறுக்கும் மென்பொருள் உங்களிடம் என்ன சொல்கிறது என்று கவனியுங்கள். எளிமையைப் பற்றி எந்த விளம்பரமும் சொல்லாததை இந்தச் சிறு சட்டம் சொல்லிவிடும்.

இந்தச் சோதனையை வைத்துக்கொண்டு கால்குலிக்ஸிலிருந்து தொடங்குகிறேன். பாகங்களின் வலிமை ஆய்வுக்கு என் முதல் பரிந்துரை எப்போதும் அதைச் சுற்றியே இருக்கும். ஜெர்மனியின் மியூனிக் நகரில் விமான இயந்திரங்கள் செய்யும் எம்டியூ நிறுவனத்தில் வேலை பார்த்த இருவரால் உருவானது அது. சால்வரை கிடோ டோண்ட் எழுதினார். மெஷ்ஷும் படமும் காட்டும் பகுதியை கிளவுஸ் விட்டிக் எழுதினார். நிறுவனத்தின் விற்பனைப் பொருளாக இல்லாமல், யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் அனுமதிக்கும் ஜிபிஎல் உரிமத்தில் உலகத்துக்குக் கொடுத்தார்கள். தொடர்பு, பிளாஸ்டிக் உருமாற்றம், வெப்பம், அதிர்வு என்று நம் பட்டறை வேலைக்குத் தேவையான அத்தனையும் அதில் உண்டு.

கால்குலிக்ஸின் உள்ளீடு ஒரு சாதாரண உரைக் கோப்பு. நட்சத்திரக் குறியோடு தொடங்கும் வரிகளில் நோடு, எலிமென்ட், மெட்டீரியல், பௌண்டரி, ஸ்டெப் என்று வரிசையாக எழுதப்பட்டிருக்கும். நோட்பேடில் திறந்து படிக்கலாம். பல ஆண்டுகள் கழித்துத் திறந்தாலும் அதே போலப் படிக்கலாம். எந்த முகத்தைப் பொருத்தினோம், எவ்வளவு விசை கொடுத்தோம் என்பதெல்லாம் பொத்தான்களுக்குப் பின்னால் ஒளிந்திருக்காமல் எழுத்தில் நிற்கிறது. அந்த எழுத்து நடை, பெரிய வாகன நிறுவனங்களில் பரவலாக இருக்கும் அபாகஸ் மென்பொருளின் நடையை ஒட்டியது. "வேலைக்குப் போனால் இதையெல்லாம் யார் கேட்பார்கள்?" என்று அஞ்சும் மாணவர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன். கால்குலிக்ஸ் கோப்பைப் படிக்கத் தெரிந்தவர் அபாகஸ் கோப்பின் முன் விழிக்க மாட்டார்.

ஆனால் ஒரு சாதாரண விண்டோஸ் பயனரிடம் வெறும் கால்குலிக்ஸைக் கொடுத்தால் அவர் ஒரு நாளில் ஓடிவிடுவார். விட்டிக் எழுதிய முகப்பு வலிமையானது. கட்டளைகளைத் தட்டச்சு செய்து பழகியவர்கள் அதில் மிக வேகமாக வேலை செய்வார்கள். புதியவருக்கு அது பயமுறுத்தும். இந்த இடைவெளியை நிரப்பியதுதான் ப்ரீபோமேக்ஸ். ஸ்லொவேனியாவின் மாரிபோர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாதெய் போரொவின்ஷெக் என்பவரின் உழைப்பு. விண்டோஸில் மட்டும் ஓடும். நிறுவக்கூட வேண்டியதில்லை, சுருக்கிய கோப்பை விரித்து, உள்ளே இருக்கும் நிரலைத் திறந்தால் போதும். கால்குலிக்ஸ் சால்வரும் மெஷ் போடும் நெட்ஜென், ஜிமெஷ் ஆகியவையும் அதனுள்ளேயே வந்துவிடும். கல்லூரி ஆய்வகக் கணினியில் நிர்வாகியின் அனுமதிக்காகக் காத்திருக்கும் மாணவருக்கு இதன் அருமை தெரியும்.

ப்ரீபோமேக்ஸின் இடப்புறத்தில் வடிவம், மாதிரி, விடை என்று மூன்று தாள்கள். மேலிருந்து கீழாக வரிசை மாறாமல் வேலை செய்துகொண்டே வரலாம். புதிய மாதிரியைத் தொடங்கும்போதே எந்த அலகு முறை என்று கேட்டுவிடுகிறது. அதன் பிறகு ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அலகு நிற்கிறது. இதன் மதிப்பு இரண்டாவது தவறைச் செய்து பார்த்தால் புரியும். கால்குலிக்ஸுக்கு அலகு என்பதே கிடையாது. நாம் கொடுக்கும் எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளும். மில்லிமீட்டர், நியூட்டன், விநாடி என்று வேலை செய்தால் நிறை டன்னில் இருக்க வேண்டும். எஃகின் அடர்த்தியாக அப்போது கொடுக்க வேண்டிய எண் 7.85-ஐ நூறு கோடியால் வகுத்தது. பழக்கத்தில் 7850 என்று கொடுத்துவிட்டால் சட்டத்தின் எடை லட்சம் கோடி மடங்கு கூடிவிடும். சால்வர் ஒரு வார்த்தையும் சொல்லாமல் தீர்த்துக் கொடுத்துவிடும். எண்ணுக்குப் பக்கத்தில் அலகைக் காட்டும் முகப்பு, இந்தத் தவறு நடக்கும் முன்பே கையைப் பிடித்துக்கொள்கிறது.

எந்தப் பொருளால் ஆனது என்று சொல்லும் பிரிவு (செக்‌ஷன்) ஒதுக்கப்படாத எலிமென்ட்கள் இருந்தாலும் ஓட்டும் முன்பே எச்சரிக்கும். எல்லாவற்றையும் விட எனக்குப் பிடித்தது, அதன் உள்ளேயே இருக்கும் கீவேர்ட் எடிட்டர், அதாவது கட்டளைச் சொற்களைத் திருத்தும் பக்கம். பொத்தான்களால் நாம் செய்தது அத்தனையும் கால்குலிக்ஸ் மொழியில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று அங்கே திறந்து பார்க்கலாம்; தேவைப்பட்டால் முகப்பில் இல்லாத ஒரு வரியைக் கையாலேயே சேர்க்கலாம். முதல் வாரத்தில் அந்தப் பக்கத்தை யாரும் திறப்பதில்லை. இரண்டு மாதம் கழித்து அங்கேயே குடியிருக்கிறார்கள். தொடக்கக்காரரைச் சுமந்துகொண்டு வந்து, அவர் வளர வளர மெல்ல இறக்கிவிடும் மென்பொருள்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஓர் உதாரணம் சொல்கிறேன். பம்ப் செய்பவர்களிடம் அடிக்கடி வரும் வேலை, தாங்கியை (பேரிங்) பிடித்திருக்கும் வார்ப்பிரும்புப் பகுதி தாங்குமா என்று பார்ப்பது. பொருள் பெரும்பாலும் ஐஎஸ் 210 என்ற இந்தியத் தரப்பட்டியலில் உள்ள எஃப்ஜி 260 போன்ற சாம்பல் வார்ப்பிரும்பு. அதாவது சோதனைத் தண்டை இழுத்தால் குறைந்தது 260 மெகாபாஸ்கல் வரை தாங்க வேண்டும். ஆய்வு முடிந்ததும் பெரும்பாலோர் வழக்கமாகப் பார்ப்பது, பல திசைத் தகைவுகளை ஒரே எண்ணாக்கிக் காட்டும் வான் மைசஸ் தகைவை. எஃகு போல வளைந்து கொடுக்கும் உலோகத்துக்கு அது சரி. சாம்பல் வார்ப்பிரும்பு வளையாமல் உடையும் பொருள். அழுத்தத்தை நன்றாகத் தாங்கும், இழுவையில் விரிசல் விடும். அதற்குப் பார்க்க வேண்டியது உச்ச முதன்மைத் தகைவு, அதாவது ஒரு புள்ளியில் எந்தத் திசையிலாவது வரும் மிகப் பெரிய இழுவைத் தகைவு. ப்ரீபோமேக்ஸின் விடைத் தாளில் இரண்டும் ஒன்றன் கீழ் ஒன்றாக இருக்கின்றன. மாற்றிப் பார்க்க ஒரு சொடுக்குப் போதும். எது எனக்குத் தேவை என்பதை மென்பொருள் சொல்லாது. ஆனால் தேடி அலைய விடாமல் அருகில் வைத்திருக்கிறது. ஓர் எளிய மென்பொருளிடம் இதற்கு மேல் நான் கேட்பதில்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். லினக்ஸில் வேலை செய்பவர்களுக்கு அது உதவாது. வடிவத்தை அதனுள் வரைய முடியாது. வேறு மென்பொருளில் வரைந்து, ஸ்டெப் (STEP) என்ற பொதுவான வடிவக் கோப்பாகக் கொண்டுவர வேண்டும். பிழைச் செய்திகள் என்று வந்தால் அடியில் இருப்பது கால்குலிக்ஸ்தான் என்பது உடனே தெரிந்துவிடும். ஓர் எலிமென்ட்டின் ஜகோபியன் மதிப்பு நேர்க்குறியாக இல்லை என்று சொல்லி அது நின்றுவிடும். மெஷ் எங்கோ முறுக்கிக்கொண்டு ஒரு கூறு உள்வெளியாகத் திரும்பிவிட்டது என்பதுதான் அதன் பொருள். எலிமென்ட்டின் எண்ணைக் கூடவே கொடுத்துவிடும் என்பதால் போய்ப் பார்த்துச் சரிசெய்யலாம். முதல் தவறில், அதாவது முனையைப் பொருத்தாமல் விட்டால், நிலைமை இதைவிடச் சிக்கல். சில வேளைகளில் நின்றுவிடும். சில வேளைகளில் சட்டம் கோடிக்கணக்கான மில்லிமீட்டர் நகர்ந்துவிட்டதாக ஒரு விடையைக் கொடுத்துவிட்டு அமைதியாக முடிந்துவிடும். இடப்பெயர்ச்சியை முதலில் பார், தகைவைப் பிறகு பார் என்று நான் எல்லோரிடமும் வற்புறுத்துவது இதனால்தான்.

லினக்ஸ், மேக், விண்டோஸ் மூன்றிலும் ஓடக்கூடியது ஃப்ரீகேட். அதனுள் ஆய்வுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. அங்கேயும் பெரும்பாலும் தீர்ப்பது கால்குலிக்ஸ்தான். வரைந்த இடத்திலேயே மெஷ் போட்டு, விசை கொடுத்து, ஓட்டிப் பார்த்துவிடலாம். முனையைப் பொருத்தாமல் ஓட்டினால், எல்லை நிபந்தனை (பாகம் எங்கே எப்படிப் பிடிக்கப்பட்டிருக்கிறது என்ற விவரம்) எதுவும் கொடுக்கப்படவில்லை என்று தொடக்கத்திலேயே நிறுத்திவிடும். அலகுகளை எழுத்தாகவே கொடுக்கலாம். கிலோகிராமும் மீட்டருமாக எழுதினாலும் தானே மாற்றிக்கொள்ளும். முதல் இரண்டு தவறுகளில் ஃப்ரீகேட்டுக்கு நல்ல மதிப்பெண்.

அதில் நீண்ட காலமாக ஒரு நோய் இருந்தது. பாகத்தின் முகங்களுக்கு அது உள்ளுக்குள் எண் கொடுத்து வைக்கும். வடிவத்தில் ஒரு துளையைச் சேர்த்தால் எண்கள் மாறிவிடும். ஆறாவது முகத்தில் பொருத்தி வைத்த விசை, நமக்குத் தெரியாமலே வேறொரு முகத்துக்குப் போய்விடும். வரைபவருக்கு இது எரிச்சல். ஆய்வு செய்பவருக்கு ஆபத்து. 2024 நவம்பரில் வெளிவந்த 1.0 பதிப்பில் இந்தச் சிக்கலுக்குப் பெரும்பகுதி தீர்வு வந்துவிட்டது. தொடங்கி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகே அதன் ஆசிரியர்கள் ஒன்று என்ற எண்ணைக் கொடுத்தார்கள் என்பதில் எனக்கு அவர்கள் மேல் மரியாதைதான் கூடுகிறது. என்றாலும் வடிவத்தை மாற்றிய ஒவ்வொரு முறையும் பொருத்திய முகங்களையும் விசை உள்ள முகங்களையும் கண்ணால் ஒரு தடவை சரிபார்ப்பது நல்லது. வடிவத்தை அடிக்கடி மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டியவர்களுக்கு ஃப்ரீகேட். வடிவம் முடிவாகிவிட்டது, ஆய்வுதான் ஆழமாக வேண்டும் என்பவர்களுக்கு ப்ரீபோமேக்ஸ். என் கணக்கு இப்படித்தான்.

இவை இரண்டுக்கும் மேலே, மலை போல நிற்பது கோட் ஆஸ்டர். பிரான்சின் மின் நிறுவனமான ஈடிஎஃப், தன் அணு உலைகளின் பாதுகாப்பை ஆராய 1989-இல் எழுதத் தொடங்கிய சால்வர். 2001-இல் ஜிபிஎல் உரிமத்தில் வெளியிட்டார்கள். சலோமே என்ற முகப்போடு சேர்த்து சலோமே-மெக்கா என்ற பெயரில் கிடைக்கிறது. கட்டளைகள் பிரெஞ்சு மொழிச் சொற்களால் ஆனவை. ஆவணங்கள் பிரெஞ்சில் எழுதப்பட்டு, கணினியால் ஆங்கிலமாக்கப்பட்டவை. சில வரிகளை மூன்று முறை படிக்க வேண்டியிருக்கும். லினக்ஸ் தெரிய வேண்டும். முதல் மணி நேரத்தை வைத்து மதிப்பிட்டால் பட்டியலில் கடைசியில் நிற்கும்.

ஆனால் சட்டத்தின் முனையைப் பொருத்தாமல் ஓட்டிப் பாருங்கள். சமன்பாடுகளின் அணி (மேட்ரிக்ஸ்) ஒருமையாகிவிட்டது, அதாவது ஒரே விடை கிடைக்காது என்று நிறுத்தி, எந்த நோடில், எந்தத் திசையில் சிக்கல் என்று சொல்லி, எல்லை நிபந்தனைகளைச் சரிபார்க்கும்படி அறிவுரையும் கொடுக்கும். தவறு செய்தவரோடு உட்கார்ந்து பேசும் இந்தப் பண்பை நான் மிகவும் மதிக்கிறேன். அதன் ஆவணங்களில் சரிபார்ப்புக்கென்றே ஒரு தனி வரிசை உண்டு: தெரிந்த விடை கொண்ட கணக்கு, அதை எப்படி மாதிரியாக்கினார்கள், என்ன விடை வந்தது, எவ்வளவு வேறுபாடு என்று ஒவ்வொன்றாக எழுதி வைத்திருக்கிறார்கள். ஆராய்ச்சி மாணவர்களும், கான்கிரீட், நிலவியல், முறிவு பற்றிய வேலை உள்ளவர்களும் அந்த மலையில் ஏறுவது வீண் போகாது. பம்ப் தாங்கிக்கு அது தேவையில்லை.

மூன்றாவது தவறைப் பற்றி இன்னும் பேசவில்லை. நான்கு நோடு கொண்ட நான்முகிகளால் சட்டத்தைப் பருமனாக நிரப்பினால் நுனி இறங்குவது 0.19 மில்லிமீட்டரை எட்டவே எட்டாது. வெகுவாகக் குறைந்து நிற்கும். அந்தக் கூறுகளுக்கு வளையத் தெரியாது. பாகத்தை உண்மையில் இருப்பதைவிட விறைப்பாகக் காட்டிவிடும். தகைவும் குறைவாகத் தெரியும். அதாவது உடையப்போகிற பாகம் பாதுகாப்பாகத் தோன்றும். நான் பார்த்தவரை எந்த மென்பொருளும் இதற்கு எச்சரிக்கை கொடுப்பதில்லை. படம் அழகாகவே வரும். பத்து நோடு கொண்ட நான்முகிக்கு மாற்றினால் அதே அளவு மெஷ்ஷில் விடை சரியான இடத்துக்கு வந்து நிற்கும். கால்குலிக்ஸின் கையேடு இதை மறைக்காமல் சொல்கிறது: நான்கு நோடு நான்முகி மிகவும் விறைப்பானது, ஏராளமாகப் போட்டால் ஒழிய கட்டமைப்பு ஆய்வுக்கு ஏற்றதல்ல, பத்து நோடு உள்ளதைப் பயன்படுத்துங்கள் என்று. தன் பலவீனத்தைத் தானே எழுதி வைக்கும் கையேட்டை நான் நம்புகிறேன்.

இது ஏட்டுக் கவலை அல்ல. 1991 ஆகஸ்ட் 23 அன்று நார்வேயின் ஸ்டவாங்கர் நகருக்கு அருகே, ஸ்லைப்னர் ஏ என்ற கடல் எண்ணெய் மேடையின் கான்கிரீட் அடித்தளம் சோதனைக்காக நீரில் இறக்கப்படும்போது விரிசல் விட்டு மூழ்கியது. நல்ல வேளையாக உயிர்ச்சேதம் இல்லை. பொருளிழப்பு ஏறத்தாழ 70 கோடி டாலர். விசாரணையில் தெரிந்தது: ஆய்வு நடந்தது நாஸ்ட்ரான் என்ற, உலகமே நம்பிய மென்பொருளில். அடித்தளத்தின் உள்ளறைகள் சேரும் இடத்தில் மெஷ் சரியாக அமையாததால் வெட்டுத் தகைவு 47 விழுக்காடு குறைவாக மதிப்பிடப்பட்டிருந்தது. அதை நம்பிச் சுவர்கள் மெல்லியதாக வடிவமைக்கப்பட்டிருந்தன. விலை உயர்ந்த மென்பொருளாக இருந்தால் இந்தத் தவறு வராது என்று நினைப்பவர்களுக்கு இந்த விபத்தை நினைவூட்டுகிறேன்.

சட்டம் சரியாக வந்த பிறகு இரண்டாவது பயிற்சியாக, நடுவில் துளையுள்ள தகட்டை இழுத்துப் பாருங்கள். மிக அகலமான தகட்டில் துளையின் ஓரத்தில் தகைவு மூன்று மடங்காகும் என்று கிர்ஷ் 1898-இலேயே கணக்கிட்டுவிட்டார். நூறு மில்லிமீட்டர் அகலத்தில் பத்து மில்லிமீட்டர் துளை, முனைகளில் 100 மெகாபாஸ்கல் இழுவை என்றால் ஓரத்தில் 303-க்கு அருகில் வர வேண்டும். துளையைச் சுற்றி மெஷ்ஷை நுணுக்கமாக்கினால்தான் அந்த எண் வரும் என்பதைக் கையாலேயே உணரலாம். அதற்கு மேல் போக விரும்புபவர்களுக்கு பிரிட்டனில் 1983-இல் தொடங்கிய நாஃபெம்ஸ் அமைப்பு வெளியிட்ட அளவுகோல் கணக்குகள் உண்டு. தடித்த தகட்டுக் கணக்கான எல்இ10-இல், குறிப்பிட்ட புள்ளியில் வர வேண்டிய தகைவு மைனஸ் 5.38 மெகாபாஸ்கல். எந்தச் சால்வரையும் இதில் உட்கார வைத்துச் சோதிக்கலாம்.

திரவ ஓட்டம் என்று வந்தால் கதை வேறு. பம்ப் ஊர்க்காரர்கள் கடைசியில் வந்து நிற்பது ஓப்பன்ஃபோம் முன்னால்தான். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் 1980-களின் இறுதியில் முளைத்து, 2004 டிசம்பரில் கட்டற்ற மென்பொருளாக வெளிவந்தது. அதற்கு முகப்பு கிடையாது. பூஜ்யம் என்று பெயரிட்ட கோப்புறையில் தொடக்க நிலைகள், இன்னொன்றில் மெஷ்ஷும் பொருள் பண்புகளும், மூன்றாவதில் தீர்க்கும் முறைகள் என்று எல்லாம் உரைக் கோப்புகள். பயந்துவிட வேண்டாம். பயனர்களிடையே புகழ்பெற்ற ஓர் உத்தி உண்டு: ஓர் இடத்தில் எந்தச் சொல்லைப் போடுவது என்று தெரியாவிட்டால், வாழைப்பழம் என்று ஆங்கிலத்தில் எழுதி ஓட்டுவார்கள். அப்படி ஒன்று கிடையாது என்று சொல்லி நின்று, அந்த இடத்தில் செல்லுபடியாகும் சொற்கள் அனைத்தையும் அது பட்டியலிட்டுவிடும். சன்னலே இல்லாத ஒரு மென்பொருள் இவ்வளவு கனிவாக வழிகாட்டும் என்று எத்தனை பேர் எதிர்பார்ப்பார்கள்!

அங்கே உண்மையான தொல்லை வேறு. ஒரே பெயரில் இரண்டு பெரிய கிளைகள் வளர்கின்றன. ஒன்று ஓப்பன்ஃபோம் ஃபவுண்டேஷனுடையது. பதிப்புகளுக்கு 10, 11, 12 என்று எண் வைப்பது. மற்றது ஆண்டையும் மாதத்தையும் சேர்த்து 2306, 2312 என்று எண் வைப்பது. ஒன்றுக்கு எழுதிய பாடம் மற்றதில் பல இடங்களில் ஓடாது. அதிலும் ஃபவுண்டேஷன் கிளை 2023-இல் வெளியிட்ட 11-ஆம் பதிப்பில் சால்வர்களை அழைக்கும் முறையே மாறிவிட்டது. பழைய காணொளிகளைப் பார்த்துப் படிப்பவர்கள் முதல் கட்டளையிலேயே முட்டிக்கொள்கிறார்கள். ஒரு கிளையைத் தேர்ந்தெடுங்கள், பதிப்பு எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், அந்த எண்ணுக்கு உரிய பாடங்களை மட்டும் படியுங்கள். சன்னல் இல்லாமல் முடியவே முடியாது என்பவர்கள் ஃப்ரீகேட்டுக்குள் சேர்க்கக்கூடிய சிஎஃப்டிஓஎஃப் என்ற பகுதியில் தொடங்கலாம். அது பின்னால் எழுதும் கோப்புகளைத் திறந்து படிப்பதை மட்டும் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

வெப்பமும் மின்காந்தமும் ஒன்றோடொன்று கலந்த சிக்கல் என்றால் பின்லாந்தின் சிஎஸ்சி மையம் வளர்க்கும் எல்மரைப் பாருங்கள். மோட்டார் செய்பவர்களுக்கு அது பயன்படும். பனிப்பாறைகளின் நகர்வைக் கணிக்கக்கூட அதன் ஒரு கிளையைப் பயன்படுத்துகிறார்கள். வேதிப் பொறியியல் மாணவர்கள் இந்தக் கட்டுரையில் இவ்வளவு தூரம் வந்திருக்கவே வேண்டியதில்லை: டிடபிள்யூசிம் என்ற பெயரை எழுதிக்கொள்ளுங்கள். பிரேசிலில் உருவானது. அந்தத் துறைக்கு அதைவிடக் கைக்கு இணக்கமான கட்டற்ற மென்பொருளை நான் கண்டதில்லை. மும்பை ஐஐடியின் ஃபாஸீ திட்டம் அதையும், எஃகுக் கட்டுமான இணைப்புகளை வடிவமைக்கும் ஆஸ்டேகையும், மின்சுற்றுகளுக்கான இசிமையும் கல்லூரிகளில் பரப்பி வருகிறது. அதே வளாகத்தின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தில் பல கட்டற்ற மென்பொருள்களுக்கான பாடங்களைத் தமிழ்க் குரலிலேயே கேட்கலாம்.

கணினியைப் பற்றியும் கேட்பார்கள் என்பதால் அதையும் எழுதிவிடுகிறேன். பத்து நோடு நான்முகிகளால் ஆன சில லட்சம் நோடு மாதிரிக்கு 16 ஜிபி நினைவகம் இருந்தால் வேலை நடக்கும். சமன்பாடுகளை நேரடியாகத் தீர்க்கும் முறையில் செயலியை (பிராசஸர்) விட நினைவகம்தான் முதலில் தீரும். வாங்கப் பணம் குறைவாக இருந்தால் வேகமான செயலியைத் தவிர்த்து நினைவகத்தைக் கூட்டுங்கள். ப்ரீபோமேக்ஸின் அமைப்புகளில் கால்குலிக்ஸ் பகுதியைத் திறந்து, எத்தனை செயலிக் கருக்களை (கோர்) பயன்படுத்தச் சொல்லியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஓட்டிவிட்டுக் காத்திருக்கும் நேரம் அந்த ஒரு எண்ணால் கணிசமாகக் குறையும். பாகத்துக்குச் சமச்சீர் இருந்தால் பாதியையோ கால்பங்கையோ மட்டும் மாதிரியாக்குங்கள். துளைத் தகட்டுக் கணக்கைக் கால்பங்கில் செய்து பழகியவர்களுக்கு இது தானாகவே கைவந்திருக்கும்.